மூக்கில் தங்காத வைரஸ்: பறவைக் காய்ச்சல் மனித நுரையீரலுக்குள் எப்படி இறங்குகிறது?

1997 மே மாதம் ஹாங்காங்கில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலும் இருமலுமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். சில நாட்களில் நுரையீரல் செயலிழந்து இறந்துபோனான். அவனிடமிருந்து எடுத்த மாதிரியில் இன்ஃப்ளூயன்சா வைரஸ் இருந்தது. ஆனால் எந்த வகை என்று உள்ளூர் ஆய்வகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போயின. ஆகஸ்டில் விடை வந்தது: எச்5என்1. அதுவரை கோழிகளைக் கொல்லும் வைரஸாக மட்டுமே அறியப்பட்டிருந்தது அது. ஆண்டு முடிவதற்குள் மேலும் 17 பேருக்குத் தொற்றியது. மொத்தம் 18 பேரில் 6 பேர் இறந்தார்கள். டிசம்பர் கடைசியில் ஹாங்காங் அரசு அங்கிருந்த கோழிகளை எல்லாம், ஏறத்தாழ 15 லட்சத்தை, கொன்று அழித்தது. மனிதர்களிடம் தொற்று அதோடு நின்றது.

ஆறு உயிர்கள் போனது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இவ்வளவு கொடிய வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பெரும்பாலும் தாவவே இல்லை. சாதாரண ஃப்ளூ ஒரு வகுப்பறைக்குள் நுழைந்தால் அடுத்த வாரம் வகுப்பில் பல பெஞ்சுகள் காலியாக இருக்கும். எச்5என்1 வந்தவரின் வீட்டிலோ, பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கோ பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. 2003-க்குப் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஏறிய எச்5என்1 மனிதத் தொற்றுகள் 900-ஐத் தாண்டிவிட்டன. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இறந்திருக்கிறார்கள். லேசாக வந்து போன தொற்றுகள் பல கணக்கில் வராமல் போயிருக்கும் என்பதால் உண்மையான இறப்பு விகிதம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். அப்படிப் பார்த்தாலும் இது மிகக் கொடிய நோய்தான். இருந்தும் இந்த இருபது ஆண்டுகளில் அது மனிதர்களிடையே தொடர்ந்து பரவும் நோயாக மாறவில்லை.

இந்த இரண்டு குணங்களும் தனித்தனியானவை என்று தோன்றும். கொல்லும் திறன் ஒன்று, பரவும் திறன் வேறு என்று. ஆனால் இந்த வைரஸைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கிறது. நம் சுவாசப் பாதையின் எந்த உயரத்தில் அது ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் அந்த வேர்.

இன்ஃப்ளூயன்சா வைரஸின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதன் மேலுறையில் இரண்டு வகைப் புரதங்கள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். ஹீமக்ளூட்டினின் உயிரணுவைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையும் வேலையைச் செய்கிறது. நியூராமினிடேஸ், பெருகிய வைரஸ்களை உயிரணுவிலிருந்து அறுத்து விடுவிக்கிறது. ஹீமக்ளூட்டினின் பிடிக்கும் பொருள், அதாவது வைரஸின் ஏற்பி, சியாலிக் அமிலம். நம் உயிரணுக்களின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் அது இருக்கும். அந்த நுனி தனக்கு அடுத்த சர்க்கரையோடு இரண்டு விதமாக இணைய முடியும். வேதியியலில் ஒன்றை ஆல்ஃபா 2,3 இணைப்பு என்கிறார்கள், இன்னொன்றை ஆல்ஃபா 2,6 என்கிறார்கள். ஒரே ஒரு பிணைப்பு இடம் மாறுவதுதான் வித்தியாசம். ஆனால் அதனால் சங்கிலியின் வடிவமே மாறிவிடுகிறது: முதலாவது ஓரளவு நேராக நீண்டு நிற்கும், இரண்டாவது வளைந்து விரிந்திருக்கும்.

காட்டு வாத்துகளின் குடலில் ஆல்ஃபா 2,3 வகைதான் நிறைந்திருக்கிறது. ஃப்ளூ வைரஸ்கள் வாத்துகளிடம் குடல் தொற்றாகவே நெடுங்காலமாக வாழ்ந்துவருகின்றன. அதனால் பறவை வைரஸ்களின் ஹீமக்ளூட்டினின் அந்த நேரான வடிவத்துக்குப் பொருந்தியிருக்கிறது. மனிதரின் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்பரப்பிலோ ஆல்ஃபா 2,6 வகையே மிகுதி. நம்மிடையே ஆண்டுதோறும் சுற்றும் ஃப்ளூ அதைத்தான் பிடிக்கிறது. 1957-லும் 1968-லும் உலகைச் சுற்றிய பெருந்தொற்று வைரஸ்கள் பறவைகளிடமிருந்து ஹீமக்ளூட்டினினைப் பெற்றவை. இரண்டிலுமே அந்தப் புரதத்தின் 226, 228 ஆகிய இடங்களில் இருந்த அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. மனித ஏற்பியைப் பிடிக்க அந்த மாற்றங்கள் தேவைப்பட்டன.

அப்படியென்றால் பறவை வைரஸுக்கு மனித உடலில் இடமே இருக்கக் கூடாதே? ஆறு பேர் எப்படி இறந்தார்கள்? 2006-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இதற்கு விடை சொன்னன. ஒன்று ஜப்பானிய வைரஸியலாளர் யோஷிஹிரோ கவாவோகாவின் குழு. மற்றொன்று நெதர்லாந்தின் ராட்டர்டாமில் இயங்கும் எராஸ்மஸ் மருத்துவ மையத்தின் குழு. மனிதத் திசுக்களை எடுத்து, சுவாசப் பாதையின் ஒவ்வொரு மட்டத்திலும் எந்த வகை ஏற்பி இருக்கிறது, எச்5என்1 எங்கே ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். மேலே மூக்கிலும் மூச்சுக்குழலிலும் வைரஸ் அரிதாகவே ஒட்டியது. கீழே, மூச்சுக்கிளைக்குழல்கள் பிரிந்து பிரிந்து மெலிந்து முடியும் நுண்கிளைகளிலும் காற்று நுண்ணறைகளிலும் நன்றாக ஒட்டியது. அங்கே ஆல்ஃபா 2,3 ஏற்பிகள் இருந்தன. குறிப்பாக, நுண்ணறைச் சுவரில் இருக்கும் இரண்டாம் வகை உயிரணுக்களில்.

அந்த இடம் வரை வைரஸ் போய்ச் சேருவதே பெரிய பாடு. மூச்சுக்குழல் இருபதுக்கும் மேற்பட்ட முறை இரண்டிரண்டாகப் பிரிந்த பிறகுதான் நுண்ணறைகள் வருகின்றன. பெரிய நீர்த்துளிகள் மூக்கிலும் தொண்டையிலுமே சிக்கிவிடும். ஐந்து மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள்கள்தான் அடிவரை இறங்கும். வழியெங்கும் சளிப்படலம் வேறு இருக்கிறது. அந்தச் சளியிலுள்ள புரதங்களிலும் ஆல்ஃபா 2,3 வகைச் சியாலிக் அமிலங்கள் உண்டு. பறவை வைரஸ் உயிரணு என்று நினைத்துச் சளியைப் பிடித்துக்கொள்கிறது. சுவாசப் பாதைச் சுவரில் அசைந்துகொண்டிருக்கும் குறுஇழைகள் அந்தச் சளியை மேலே தள்ளிவிடுகின்றன, நாம் விழுங்கிவிடுகிறோம். எனவே போகிற போக்கில் கொஞ்சம் வைரஸை முகர்வது போதாது. நிறைய வேண்டும், நுண்துகளாக வேண்டும்.

கோழியை உயிரோடு வாங்கி அங்கேயே அறுத்து, இறகு பிடுங்கிச் சுத்தம் செய்யும் சந்தைகளில் இரண்டும் கிடைக்கின்றன. நோயுற்ற கோழிகளை அறுத்து இயந்திரத்தில் இறகு நீக்கும் வேலையை ஆய்வகத்தில் அப்படியே செய்து பார்த்தபோது, வைரஸ் சுமந்த நுண்துகள்கள் காற்றில் கலந்தன. அந்தக் காற்றைச் சுவாசித்த கோழிகளுக்கும் ஃபெரட் என்ற சிறு விலங்குகளுக்கும் தொற்று ஏற்பட்டது. கோழிக்கறி சாப்பிடலாமா என்று ஒவ்வொரு முறையும் நம் ஊரில் கேட்கிறார்கள். 70 டிகிரி செல்சியஸில் உள்ளே வரை வெந்த கறியிலும் முட்டையிலும் இந்த வைரஸ் பிழைக்காது. குழம்பு கொதிக்கும் இடத்தைப் பற்றிய கவலையை அறுத்துச் சுத்தம் செய்யும் இடத்துக்கு மாற்றினால் பலன் உண்டு. அங்கே வேலை செய்பவரின் முகக்கவசத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

சரி, வைரஸ் அடியில் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி என்ன நடக்கிறது?

ஏற்பியைப் பிடித்த வைரஸை உயிரணு ஒரு சிறு பைக்குள் உள்ளிழுத்துக்கொள்கிறது. பைக்குள் அமிலத்தன்மை கூடக் கூட ஹீமக்ளூட்டினின் உருமாறி, வைரஸின் உறையைப் பையின் சுவரோடு இணைத்துத் துளை போடுகிறது. எட்டுத் துண்டுகளாக இருக்கும் வைரஸின் ஆர்.என்.ஏ வெளியே வந்து உயிரணுவின் கருவுக்குள் போய்ப் படியெடுக்கப்படுகிறது. ஆனால் இந்த உருமாற்றம் நடக்க ஹீமக்ளூட்டினின் முன்னதாகவே ஒரு இடத்தில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். சாதாரண ஃப்ளூவில் அந்த வெட்டைப் போடும் நொதிகள் சுவாசப் பாதையில்தான் முக்கியமாக இருக்கின்றன. அதனால் நோயும் அங்கேயே அடங்குகிறது. எச்5என்1-இன் தீவிர வகைகளில் வெட்டுமிடத்தில் காரத்தன்மை கொண்ட அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கும். அதை வெட்டும் ஃப்யூரின் என்ற நொதி உடலில் எல்லா உறுப்புகளிலும் உண்டு. கோழிகள் ஓரிரு நாளில் கூட்டம் கூட்டமாகச் சாவது இதனால்தான். மனிதரிலும் சில சமயம் நுரையீரலைத் தாண்டிப் போகிறது. 2004-இல் தெற்கு வியட்நாமில் இறந்த ஒரு சிறுவனுக்கு வயிற்றுப்போக்கும் வலிப்பும்தான் இருந்தன. அவனுடைய மூளைத் தண்டுவடத் திரவத்தில் எச்5என்1 இருந்தது.

ஆனாலும் பெரும்பாலானவர்களைக் கொல்வது நுரையீரலில் நடப்பதுதான். வைரஸ் குறிவைக்கும் இரண்டாம் வகை நுண்ணறை உயிரணுக்களுக்கு இரண்டு வேலைகள். நுண்ணறைகள் மூச்சு விடும்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான திரவத்தைச் சுரப்பது ஒன்று. பக்கத்து உயிரணுக்கள் செத்தால் பெருகி அந்த இடத்தை நிரப்புவது இன்னொன்று. அதாவது, காயத்தை ஆற்ற வேண்டியவர்களையே வைரஸ் முதலில் கொல்கிறது. நுண்ணறைகள் சரிகின்றன, இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசிந்து அவற்றை நிரப்புகிறது. செயற்கை சுவாசக் கருவி கொடுத்தாலும் ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போவதில்லை.

இதற்கு மேல் உடலே தன் பங்குக்குக் கேட்டைக் கூட்டுகிறது. ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் மாலிக் பீரிஸ். கண்டியில் பிறந்து, பேராதனையில் மருத்துவம் படித்தவர். 2003-இல் சார்ஸ் வைரஸைக் கண்டறிந்த குழுவிலும் இருந்தவர். மனித இரத்தத்திலிருந்து எடுத்த மேக்ரோபேஜ் எனும் காவல் உயிரணுக்களை 1997-ஆம் ஆண்டு வைரஸுக்கு ஆளாக்கிப் பார்த்தார்கள். சாதாரண ஃப்ளூவைவிடப் பல மடங்கு அதிகமாகச் சைட்டோகைன்கள் எனும் அழற்சிச் சமிக்ஞைகளை அவை வெளியிட்டன. 2002-இல் அந்த முடிவு வெளியானது. பின்னர் ஹோ சி மின் நகரில் நோயாளிகளிடம் பார்த்தபோது, இறந்தவர்களின் தொண்டையில் வைரஸ் அளவும், இரத்தத்தில் சைட்டோகைன்களின் அளவும் மிக உயர்ந்திருந்தன. இரண்டும் சேர்ந்தே உயர்ந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாப் பழியையும் 'சைட்டோகைன் புயல்' மீது போட்டுவிட்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்க முடியாது. வைரஸ் பெருகுவதைச் சீக்கிரம் நிறுத்துவதுதான் முதல் தேவை.

அடியாழத்தில் இவ்வளவு நாசம் செய்யும் வைரஸ் வெளியே வருவதற்கு மட்டும் வழி தெரியாமல் நிற்கிறது. ஃப்ளூ பரவுவது மூக்கிலும் தொண்டையிலும் பெருகி, தும்மலிலும் பேச்சிலும் வெளிப்படுவதால். நுண்ணறையில் பெருகுவது மேலே ஏறி, பிறர் முகத்தை எட்டும் அளவுக்குத் திரளாக வருவது அரிது. நெருங்கி நீண்ட நேரம் இருப்பவருக்கு மட்டும் எப்போதாவது தொற்றும். 2004 செப்டம்பரில் தாய்லாந்தின் கம்பெங் பெட் மாகாணத்தில் 11 வயதுச் சிறுமிக்கு எச்5என்1 வந்தது. தொலைவிலிருந்து வந்த தாய், மருத்துவமனையில் மகளின் பக்கத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். அவர் கோழிகளோடு பழகியவர் அல்ல. மகளும் இறந்தாள், தாயும் இறந்தார். அந்தக் குடும்பத்தைத் தாண்டித் தொற்று போகவில்லை.

இந்த விளக்கம் அழகாக இருக்கிறது. அதனாலேயே இதை முழு உண்மையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. 2007-இல் பீரிஸும் ஜான் நிக்கல்ஸும் உள்ளிட்ட ஹாங்காங் குழு மனிதரின் மூக்குத்தொண்டை, டான்சில் திசுக்களை ஆய்வகத்தில் உயிரோடு வைத்து எச்5என்1-ஐச் செலுத்தியது. ஆல்ஃபா 2,3 ஏற்பி கண்ணில் படாத அந்தத் திசுக்களிலும் வைரஸ் பெருகியது. ஆக, ஏற்பி ஒன்றே கதவு, அது திறந்தால் எல்லாம் முடிந்தது என்று சொல்ல முடியாது. சீனாவில் 2013-இல் தொடங்கிய எச்7என்9 என்ற இன்னொரு வகைப் பறவைக் காய்ச்சல் இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. அந்த வைரஸ்களில் பலவற்றுக்கு 226-ஆம் இடம் ஏற்கெனவே மாறியிருந்தது. மனித ஏற்பியை ஓரளவு பிடிக்கவும் தெரிந்திருந்தது. 1,500-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியது, 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனாலும் மனிதரிடையே தொடர்ச்சியாகப் பரவவில்லை.

வேறு தடைகள் இருக்கின்றன. வெப்பம் ஒன்று. பறவையின் குடல் 40 டிகிரியைத் தாண்டிய சூட்டில் இருக்கும். நம் நுரையீரல் 37 டிகிரி. மூக்கு வழியாக வெளிக்காற்று வந்துபோவதால் அங்கே 32, 33 டிகிரிதான். பறவை வைரஸ்கள் அந்தக் குளிர்ச்சியில் மந்தமாகவே பெருகுகின்றன. அப்புறம், வைரஸின் படியெடுக்கும் இயந்திரம் நம் உயிரணுவிலுள்ள ஏ.என்.பி.32.ஏ என்ற புரதத்தின் உதவியோடுதான் ஓடும். பறவைகளின் புரதத்தில் கூடுதலாக 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு இருக்கிறது, நம்முடையதில் அது கிடையாது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வெண்டி பார்க்லேயின் குழு 2016-இல் இதைக் கண்டறிந்தது. அதோடு, பிபி2 என்ற வைரஸ் புரதத்தின் 627-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் போய் லைசீன் வருவது ஏன் மனித நோயாளிகளிடம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது என்ற பழைய புதிரும் விளங்கியது. துண்டு இல்லாத புரதத்தோடு ஓடப் பழகும் வைரஸின் குறுக்குவழி அது. கிளாஸ்கோவில் நடந்த ஆய்வு 2023-இல் இன்னொரு தடையைக் காட்டியது: பி.டி.என்.3ஏ3 என்ற மரபணு. நம் சுவாசப் பாதையில் வேலை செய்யும் இது, பெரும்பாலான பறவை ஃப்ளூ வைரஸ்கள் பெருகுவதைத் தடுக்கிறது. பெருந்தொற்றாகப் பரவிய மனித வைரஸ்கள் இதற்கு அடங்கவில்லை.

இந்தத் தடைகளை எல்லாம் ஒரே வைரஸ் தாண்ட முடியுமா? 2011, 2012-இல் ராட்டர்டாமில் ரான் ஃபூஷியேயும், அமெரிக்காவில் கவாவோகாவும் தனித்தனியாக இதைச் சோதித்தார்கள். ஃபெரட்டின் சுவாசப் பாதையில் ஏற்பிகள் மனிதரைப் போலவே அமைந்திருப்பதால் ஃப்ளூ ஆய்வுக்கு அதைத்தான் பயன்படுத்துவார்கள். மாற்றியமைத்த எச்5 வைரஸ்கள் கூண்டு விட்டுக் கூண்டு காற்றில் தாவின. உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்தது, ஆய்வுகளை விஞ்ஞானிகளே சில காலம் நிறுத்தி வைத்தார்கள். அந்த ஆய்வு நடந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி இன்றும் நியாயமானதே. ஆனால் அதிலிருந்து கிடைத்த அறிவு மதிப்புள்ளது. ராட்டர்டாமின் கணக்கில் சுமார் ஐந்து மாற்றங்கள் போதுமானவையாக இருந்தன. அவை மூன்று வேலைகளுக்காக வந்தவை: மனித ஏற்பியைப் பிடிப்பது, மனித உயிரணுவில் வேகமாகப் படியெடுப்பது, மூக்கின் லேசான அமிலத்திலும் காற்றிலும் ஹீமக்ளூட்டினின் அவசரப்பட்டு உருமாறாமல் உறுதியாக இருப்பது. மூன்றும் சேர்ந்தால்தான் பரவல்.

2024 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலக் கறவை மாடுகளில் எச்5என்1 கண்டறியப்பட்ட பிறகு இந்த அறிவு அவசரத் தேவையானது. மாட்டின் மடியில் இரண்டு வகை ஏற்பிகளும் இருந்தன, பாலில் வைரஸ் கொட்டியது. அடுத்த ஓராண்டில் அமெரிக்காவில் சுமார் 70 பேருக்குத் தொற்றியது. பெரும்பாலோர் பால் பண்ணை, கோழிப் பண்ணைத் தொழிலாளர்கள். அவர்களில் பலருக்கு முதலில் சிவந்தது கண். நம் விழிவெண்படலத்தில் ஆல்ஃபா 2,3 ஏற்பிகள் உண்டு. பால் தெறித்தால் வைரஸ் நேரே அங்கே போய் இறங்குகிறது. 2003-இல் நெதர்லாந்தில் எச்7என்7 வந்தபோதும் இப்படித்தான். 89 பேரில் பெரும்பாலோருக்குக் கண் அழற்சி மட்டுமே. நுரையீரலில் தொற்றிய ஒரு கால்நடை மருத்துவர் மட்டும் இறந்தார். அதே வைரஸ் குடும்பம் எந்தப் பரப்பில் முதலில் படிகிறது, எவ்வளவு படிகிறது என்பதைப் பொறுத்து நோயின் முகம் மாறுகிறது.

2024 டிசம்பரில், மாட்டு வைரஸின் ஹீமக்ளூட்டினினில் 226-ஆம் இடத்தில் ஒரே ஒரு மாற்றம் நடந்தாலே அது மனித ஏற்பியைப் பிடிக்கும் என்று கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனம் ஆய்வகத்தில் காட்டியது. 'ஒரே மாற்றம் போதும்' என்று செய்திகள் வந்தன. ஏற்பி என்ற ஒரு தடைக்கு மட்டும் அது சரி. மீதித் தடைகளையும் வைரஸ் தாண்ட வேண்டும். அதே சமயம் முன்பு இந்தத் தடைக்கே ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றங்கள் தேவைப்பட்டன என்பதும் உண்மை. தொலைவு குறைந்திருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2024 நவம்பரில் உயிருக்குப் போராடிப் பிழைத்த ஒரு பதின்வயதுச் சிறுமியின் வைரஸில், 627-ஆம் இட மாற்றமும், 226-ஆம் இடத்தில் மாற்றம் தொடங்கியதன் தடயமும் ஒருசேரத் தெரிந்தன. ஒரே உடலுக்குள், சில நாட்களில். ஒவ்வொரு மனிதத் தொற்றையும் மரபணு வரிசை பார்த்தே தீர வேண்டும் என்று வைரஸியலாளர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். அந்தப் பிடிவாதத்துக்குப் பணம் ஒதுக்காத அரசுகள் தவறு செய்கின்றன.

அந்தச் சிறுமியிடம் மேல் சுவாசப் பாதையில் எடுத்த மாதிரிகளைவிடக் கீழிருந்து எடுத்தவற்றில் வைரஸ் அதிகமாக இருந்தது. வியட்நாம் நோயாளிகளிடமும் மூக்கைவிடத் தொண்டையில்தான் அதிகம் கிடைத்தது. பரிசோதனைக்கு இது நேரடியாக முக்கியம். வழக்கமான ஃப்ளூவுக்கு மூக்கில் குச்சி விட்டு எடுத்தால் போதும், இதற்குப் போதாது. இந்தியாவில் எச்5என்1-ஆல் முதல் மனித மரணம் 2021 ஜூலையில் பதிவானது, டெல்லி எய்ம்ஸில் இறந்த ஹரியானாச் சிறுவன். கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளில் இந்த நோய் திரும்பத் திரும்ப வருகிறது. பண்ணையிலோ சந்தையிலோ நோயுற்ற பறவைகளோடு பழகியவருக்குப் பத்து நாட்களுக்குள் காய்ச்சலோ, கண் சிவப்போ, மூச்சுத் திணறலோ வந்தால், பறவைகளோடு பழகியதை அவரே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மருத்துவரும் கேட்க வேண்டும். மூக்கோடு தொண்டையிலும், நிலை மோசமானால் நுரையீரலின் கீழ்ப்பகுதியிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். முதல் முடிவு 'தொற்று இல்லை' என்று வந்தாலும் சந்தேகம் தீராவிட்டால் மறுபடி பார்க்க வேண்டும். ஓசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை அந்த முடிவுக்காகக் காத்திருக்காமல், அறிகுறி தொடங்கிய முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிட வேண்டும்.